கதவைத் தட்டுகிறவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். திங்கள்தோறும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அம்மா பேசி முடித்துப் போன் என் கைக்கு வரும்போது மிஞ்சுவது நாலு நிமிஷம். அதில் "சாப்டியாலே, குளிர் எப்படி" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் வருவதில்லை.

மார்மன் சபை ஊழியத்தில் வீடு வீடாகத் தட்டுகிறாயே, போன வாரம் ஓர் அம்மாள், நீங்கள் வாய் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். மழை வேறு என்றாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதே கதவை நானும் சாத்தியிருக்கிறேன். நம் வாசலில் வெள்ளைச் சட்டையும் டையுமாக, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு அந்தச் சபைப் பையன்கள் இரண்டு பேர் நின்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவன் தெலுங்குப் பையன். தமிழைத் தடவித் தடவிப் பேசினான். "நாங்க சி.எஸ்.ஐ., எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி, அவன் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாத்தினேன். நீ பின்வாசல் வழியாகப் போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நீ இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகிறேன் என்றபோது நான் பேசியதையெல்லாம் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. சம்பளம் கிடையாது. கூடவே எப்போதும் இன்னொருவன் இருக்கவேண்டும். ஆறரைக்கு எழுந்து பத்தரைக்குப் படுக்கவேண்டும். எட்டு மணிக்கு நாலு தரம் கத்தினாலும் புரண்டு படுக்கிறவன் மூன்று நாள் தாங்கமாட்டான் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டினேன். பதினோரு மாதம் ஆகிறது. இருபத்தொரு வயதுப் பையனை அங்கே 'எல்டர்' என்று கூப்பிடுகிறார்களாம். நம் சபையில் மூப்பராவதற்குத் தலை நரைத்திருக்கவேண்டும்.

உன் சபையின் போதனையில் எனக்கு ஒப்பாதவை அப்படியேதான் இருக்கின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவம் பற்றி நாம் போட்ட சண்டையில் நான் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆனால் நீ மேஜையில் வைத்துவிட்டுப் போன மார்மன் புஸ்தகத்தை, அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் படித்தேன். சிரிக்காதே. நிறைய இடங்களில் தாண்டித் தாண்டித்தான் போனேன். அதில் வரும் ஊழியக்காரன் அம்மோன் கதையில் மட்டும் நின்றுவிட்டேன். பகை நாட்டு ராஜா லாமோனி தன் மகளையே கட்டித்தருகிறேன் என்கிறான். இவனோ, வேண்டாம், உமக்கு வேலைக்காரனாக இருக்கிறேன் என்று ஆடு மேய்க்கப் போகிறான். கொள்ளைக்காரர்களை ஒற்றை ஆளாக விரட்டுகிறான். அது கிடக்கட்டும், வீரக் கதை எல்லா ஊரிலும் உண்டு. அத்தனையும் முடிந்த கையோடு, ராஜா முன்னமே சொல்லியிருந்த வேலை பாக்கியிருக்கிறது என்று குதிரைகளுக்குத் தீனி வைக்கப் போய்விடுகிறான் பார், அங்கேதான் ராஜா அசந்துபோகிறான். நானும்தான்.

நீ இருக்கும் பிரஸ்டனில்தான், இங்கிலாந்துக்குப் போன உங்கள் சபையின் முதல் ஊழியக்காரர்கள் 1837-இல் வந்து ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று அந்த ஆற்றைப் போனில் காட்டினாய். யார் முதலில் இறங்குவது என்று ஆட்கள் கரையில் ஓடினார்களாமே. அதற்கு நாலு வருஷம் கழித்து, 1841-இல், அயர்லாந்தில் பிறந்த மிஷனரி கால்டுவெல் நம் பக்கத்து இடையன்குடிக்கு வந்தார். வெயிலும் தேரிமணலும் பனைமரமுமான அந்த ஊரில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓட்டினார். கல்லறையும் அங்கேயேதான். உன் பூட்டனின் அப்பா வீட்டுக் கதவையும் அந்தக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தட்டியிருப்பார். மொழியைத் தடவித் தடவித்தான் பேசியிருப்பார். திண்ணையில் உட்காரச் சொன்னார்களோ, நாயை அவிழ்த்துவிட்டார்களோ! இப்போது நீ அந்தப் பக்கம் போய்த் தட்டுகிறாய்.

சரி, இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் இப்போது ஊழியத்தில் இருக்கும் இரண்டு பையன்கள் போன சனிக்கிழமை வந்தார்கள். இந்தத் தடவை நானே கதவைத் திறந்தேன். "ஐயா, ஏதாவது வேலை இருந்தா செய்றோம்" என்றார்கள். என் தோள்வலியால் காம்பவுண்டுச் சுவர் வெள்ளையடிக்காமல் கிடப்பது உனக்குத் தெரியும். டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மத்தியானம் வரை அடித்தார்கள். அம்மா பழக்கதோஷத்தில் "காப்பி கொண்டு வரட்டுமா" என்று கேட்டுவிட்டாள். உங்கள் சபையில் காப்பி கூடாதே! அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு சுக்குக் காப்பி போட்டு வந்தாள். அதையும் தொடாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம். "தம்பி, பேர்லதான் காப்பி இருக்கு, உள்ள சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தான்" என்று நான் பிரசங்கம் பண்ணிய பிறகுதான் குடித்தார்கள். ஒருவன் மூன்று டம்ளர். அவன் அண்ணாந்து குடித்தபோது தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்து அம்மா உள்ளே போய்விட்டாள். உனக்கும் அப்படித்தான் ஏறி இறங்கும்.

நீ தெருக்கோடிப் பாட்டி ஒருத்தியின் குப்பைத் தொட்டியை வாராவாரம் வாசலுக்கு இழுத்துவைக்கிறாயே, "உன் மதத்தைப் பேசாதே, தொட்டியை மட்டும் இழு" என்பாளாமே, அவளை எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை மாதத்தில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று நம் சொந்தக்காரர்கள் என்னிடம் குத்தலாகக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். தொட்டியை இழுத்துவைக்கிறான் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. ஆனால் எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை.

சுவரில் இரண்டாவது கோட்டிங் பாக்கி. வரும் சனிக்கிழமை பையன்கள் வருகிறார்கள். அம்மா சுக்கு கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை போனை நான்தான் முதலில் எடுப்பேன். அந்தப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் என்றாயே, என்ன ஆயிற்று என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா