அந்த ரப்பர் சப்பாத்துக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை பினாங்கு மலைக்காட்டு ஓட்டப் பந்தயத்தில் நான் வழி தவறிக் காணாமல்போய் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். மழை, வழி தவறினது, கால், நீங்கள் தேடினது, எதையும் திரும்ப எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது, அம்மா வேறு பக்கத்தில் இருந்துகொண்டு "மறுபடியும் அதையேவா" என்கிறார். காலில் கட்டோடு கட்டிலில் கிடக்கிறேன், வேலைக்கு லீவு, கையில் போன் இருக்கிறது. அதனால் இந்த மடல்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. அத்தனை கிலோமீட்டர் வந்து முடித்த பிறகு மறுபடியும் மழையில் காட்டுக்குள் போன ஸ்வீப்பர் பையன்கள் (கடைசியாக வந்து, பின்தங்கினவர்களைக் கூட்டிவருகிறவர்கள்), பொம்பா என்கிற தீயணைப்பு மீட்பு வீரர்கள், என் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நம் ஓட்டக் கூட்டாளிகள், ஆயர் ஈத்தாமில் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த சித்தப்பா, ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் என் சேற்றுக் காலுறையைக் கழற்றின தாதி, எல்லாருக்கும் நன்றி. நான் கிடைத்துவிட்டால் தண்ணீர்மலை முருகனுக்கு 513 படியும் ஏறுவேன் என்று என்னைக் கேட்காமலேயே எனக்காக நேர்ந்துகொண்ட மாமியாருக்கும்தான். (மாமி, கால் சரியாகட்டும், ஏறிவிடலாம்.)

ஆனால் இது முக்கியமாக ஒரு அங்கிளுக்கு. பெயர் தெரியாது.

பந்தயத்துக்கென்றே அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி, மற்ற நாளில் போட்டால் தேய்ந்துவிடும் என்று இரண்டு வருஷம் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த சப்பாத்து என்னுடையது. நம் ஊர் ஈரத்தில் சும்மா கிடக்கிற சப்பாத்துக்குத்தான் ஆயுசு குறைவு, பசை உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். முன்னாடியே சொல்லியிருக்கலாம். 17ஆவது கிலோமீட்டரில் இடது சப்பாத்தின் அடி வாயைப் பிளந்தது, கயிற்றை உருவிக் கட்டிப் பார்த்தேன், கொஞ்ச தூரம் தாங்கியது, அப்புறம் மொத்தமாகக் கழன்று சேற்றோடு போய்விட்டது. மிச்சக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

இருட்டத் தொடங்கின நேரத்தில் மரங்களுக்கு அடியில் கட்டின டுரியான் வலைகள் கண்ணில் பட்டன. பழம் விழுகிற காலம், காவலுக்கு ஆள் இருக்கும் என்ற நினைப்புதான் என்னை அந்தக் குடிசை வரை கொண்டுபோனது. அங்கே நெற்றியில் விளக்கு கட்டின ஒரு சீன அங்கிள், எழுபது வயது இருக்கும். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தார். நாம் சொல்வதுபோலவே "ஐயோ" என்றார். உடனே குந்தி, தன் காலில் இருந்த கம்போங் அடிடாஸைக் கழற்றினார்.

பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுகிற அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். முழுசும் ஒரே வார்ப்பு, பிய்ந்துபோக அதில் ஒன்றுமில்லை. கினபாலு மலை வழிகாட்டிகள் 4,095 மீட்டர் உயரத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள் என்று நாமே எத்தனை தடவை சிலாகித்துப் பேசியிருக்கிறோம். பேசிவிட்டுப் போய்த்தான் அறுநூறு வெள்ளியைக் கொடுத்தேன்.

சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். என் கால் சின்னது, அதனால் பழைய சீனப் பத்திரிகைத் தாளைக் கிழித்து உருட்டி விரல் பக்கம் அடைத்தார். வீங்கின காலை எப்படி நுழைப்பது என்று நான் முழிக்க, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டு, பிள்ளைக்குப் போட்டுவிடுகிற மாதிரி மெல்ல ஏற்றினார். அப்புறம் இடுப்பில் தொங்கின சிவப்பு ராஃபியா கயிறு, டுரியான் கீழே விழாமல் கிளையோடு சேர்த்துக் கட்டுவார்களே அதே கயிறு, அதை என் கணுக்காலில் எட்டுப் போட்டுக் கட்டினார். ஒன்று போதும் அங்கிள், வலது கால் சப்பாத்து நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒற்றைச் சப்பாத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். இரண்டையும் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு தேய்ந்த சிலிப்பரில், அந்தச் சேற்றில், அட்டை கடிக்கக் கடிக்க முக்கால் மணி நேரம் எனக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வேர் வரும்போதும் நின்று விளக்கைத் திருப்பி, "பான் பான் கியா". மெல்ல மெல்ல நட. பினாங்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அளவு ஹொக்கியன் சீனம் தெரியாதா என்ன. துன் சார்டோன் சாலையில் பொம்பா வண்டி விளக்கு தெரிந்தது, எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டீர்கள், நான் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

என் பாட்டி கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். இதே சப்பாத்தோடு பள்ளிக்கூட வாசலுக்கு வருவார், நான் பார்க்காதது மாதிரி பஸ் பக்கம் நகர்ந்துவிடுவேன். ஞாயிறு ராத்திரி ஆஸ்பத்திரியில் அந்தக் கயிற்றை வெட்டிச் சப்பாத்தைக் கழற்றும்போது ரப்பரும் சேறும் வேர்வையும் கலந்து ஒரு வாசம் வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்துத் தாதி ஊசியை எடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 14ஆவது கிலோமீட்டரில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் வேர்மேல் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அப்போது என் வயதுப் பிரிவில் நான்காவது. மூன்றாவதாகப் போனவரின் ஆரஞ்சுச் சட்டை அடுத்த வளைவில் தெரிந்தது. "ஓகேவா?" என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே ஓடினேன். தலையாட்டினாரா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த ஸ்வீப்பர்தான் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாராம். பச்சைத் தொப்பிக்காரரே, மன்னித்துவிடுங்கள். அடுத்த வருஷம் நான் பந்தய நம்பர் வாங்கப் போவதில்லை, கடைசியில் நடக்கிற ஸ்வீப்பராகப் பெயர் கொடுத்துவிட்டேன். மூன்றாவது இடம் எங்கேயும் ஓடிப்போய்விடாது. போனால் போகட்டும்.

அங்கிளின் சப்பாத்தை அம்மா கழுவி வாசலில் காயவைத்திருக்கிறார். அடியில் எண் தேய்ந்துபோய் ஏழா எட்டா என்று தெரியவில்லை, அதனால் இரண்டு சைசிலும் புதிதாக ஒவ்வொரு ஜோடி வாங்கிவரும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நான் கார் ஓட்ட இன்னும் மூன்று வாரம் ஆகுமாம், அதற்குள் டுரியான் காலம் முடிந்தால் அவர் மலையை விட்டு இறங்கிவிடுவார். சனிக்கிழமை அவரைத் தேடிப் பாலிக் பூலாவ் பக்கம் போக வேண்டும், யாராவது போகிறீர்களா? போனால் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.