பியானோ முன் அமர்ந்திருந்தவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் சேர்ந்திசை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சேர்ந்து பாடுகிறவர்களுக்காக இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையாளர் ஒவ்வொரு குழுவையும் நடத்தும் கொயர் மாஸ்டர் பெயரையும் தந்திருக்கிறார், தனிக்குரல் பாடியவர்களையும் மறக்கவில்லை. ஆனால் பியானோ வாசித்தவர் யார், துணை மாஸ்டர் யார், பெண்களின் மேல்குரலான சோப்ரானோவையும் ஆண்களின் கீழ்க்குரலான பாஸையும் தனித்தனியே உட்கார வைத்துப் பழக்கியவர்கள் யார் என்று தேடினால், எந்தக் குழுவுக்கும் ஒரு பெயர்கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தாம்பரம் பக்கத்தில் ஒரு சிறிய குழுவில் 22 ஆண்டுகளாக ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர், ரயில்வேக்காரர், கல்லூரி மாணவர்கள், குடும்பத் தலைவிகள் என்று 34 பேர் இருந்தோம். எல்லா மதத்தவரும் உண்டு. சனிக்கிழமை மாலை ஒரு தேவாலயத்தின் ஹாலை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள்.

எங்கள் மாஸ்டர் ஒரு ஆகஸ்ட் மாதம் திடீரென்று காலமானார். பாட்டைத் தேர்ந்தெடுப்பது, சுருதி முடிவு செய்வது, நான்கு குரலுக்கும் சொல்லிக்கொடுப்பது, யார் எந்த வரிசையில் நிற்பது என்பது வரை எல்லாம் அவர் ஒருவரே. அவர் போன பிறகு மூன்று சனிக்கிழமை கூடினோம். முதல் சுரத்தை யார் எடுத்துக்கொடுப்பது என்றே தெரியவில்லை. சோப்ரானோக்கள் தங்கள் வசதிக்கு எடுத்தார்கள். இரண்டாவது சரணத்தில் ஆண்களின் மேல்குரல் பாடும் டெனார்களுக்குக் குரல் எட்டவில்லை. நான்காவது வாரம் ஆறு பேர் வந்தோம். பிறகு அதுவும் இல்லை. அவருடைய பாட்டுப் பிரதிகளை அவர் மனைவி எடுத்துக் கொடுத்தபோதுதான் பார்த்தோம்: எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லை அடக்கிப் பாட வேண்டும் என்று பென்சிலில் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தார். எங்கள் பிரதிகளில் அதில் ஒன்றும் இல்லை.

பதினான்கு மாதம் குழு வாய்திறக்கவில்லை. அத்தனை நாளும் விடை எங்கள் நடுவிலேயே இருந்தது. எங்களுக்குப் பியானோ வாசிக்கும் அக்காவைச் சொல்கிறேன்.

பயிற்சியில் பியானோ வாசிப்பவர் செய்யும் வேலையை வெளியில் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆல்டோ வரியை மட்டும் வாசிப்பார். பிறகு டெனாரையும் பாஸையும் சேர்த்து வாசிப்பார். நான்கு வரியையும் இரண்டு கைகளில் அடக்குவார். எங்களுக்குக் கொஞ்சம் பிடிபட்டதும் எங்கள் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வாசிப்பார், நாங்கள் நிற்கிறோமா விழுகிறோமா என்று பார்க்க. பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது குழு மெல்ல மெல்லச் சுருதி இறங்கும். பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. பாட்டு முடிந்ததும் அவர் ஒரே ஒரு கட்டையை அமுக்கிக் காட்டுவார், எங்கள் முகம் மாறிவிடும். மாஸ்டர் பாதியில் நிறுத்தி "மூணாம் பக்கம், ரெண்டாவது வரி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல்கள் அங்கே போயிருக்கும். யார் எண்ணிக்கையில் தவறுவார், யாருக்கு மேல் சுரம் நடுங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். இப்படிப்பட்டவரைக் கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கேட்டபோது, "எனக்கு வாசிக்கத்தானே தெரியும், கை காட்டத் தெரியாதே" என்றார். அத்தனை ஆண்டுகளில் ஒரு பாட்டுக்குக்கூட அவரை முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்த வைத்ததில்லை. அது எங்கள் எல்லோருடைய தவறு. இப்போது அவர்தான் எங்களுக்குக் கை காட்டுகிறார்.

ஒவ்வொரு குரலையும் தனியே பழக்கும் வரிசைத் தலைவர்களையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தேவாலயங்களில் வளர்ந்தவர்களுக்கு டானிக் சோல்ஃபா பழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்ற ஆங்கிலேயப் போதகர் பரப்பிய, சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை அது. மற்றவர்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது; அவர்களுக்குக் காதால்தான் பாடம். இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களில் பாதிப்பேர் சிறு வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். தோடி ராகத்தின் 'க' சுரமான காந்தாரத்தை அசைக்காமல் பாடினால் அது தோடியே இல்லை என்று வளர்ந்தவர்கள். ஒருவர் அசைத்தால் அழகு. ஒன்பது பேர் ஆளுக்கொரு வேகத்தில் அசைத்து, கீழே டெனார்கள் ஒரே சுரத்தை நேராகப் பிடித்து நின்றால், நான்கு குரலும் சேரும் இடம் கலங்கிப்போகும். எந்தச் சுரத்தை நிறுத்துவது, எதை எத்தனை அசைவோடு எல்லோரும் ஒன்றாக அசைப்பது என்று உட்கார்ந்து தீர்ப்பவர் வரிசைத் தலைவர்தான். ஒரு பாரதியார் பாட்டின் ஒரே வரிக்கு எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

சென்னையில் நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு 1960இல் இசையமைத்த எம்.பி. சீனிவாசன்தான் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார். கேரளத்தில் இன்றும் கொண்டாடப்படும் பெரிய இசையமைப்பாளர். 1988இல் லட்சத்தீவில் அவர் காலமானார். அவ்வளவு பெரிய ஆளுமையைச் சுற்றி எழுந்த குழு அவரோடு முடிந்துபோயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். முடியவில்லை. அவரிடம் பழகிய டி. ராமச்சந்திரன் முன்னால் வந்து நின்றார், குழு தொடர்ந்து பாடியது. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற சேர்ந்திசைக் குழுவில் ஹேண்டல் மேனுவல் நீண்ட காலம் கை காட்டினார். அவருக்குப் பிறகும் அங்கே பாட்டு நிற்கவில்லை. சீனிவாசனை இசையமைப்பாளராக எவ்வளவு மதிக்கிறேனோ, தனக்குப் பின் பாடக்கூடிய ஒரு குழுவை விட்டுச்சென்றதற்காக அதைவிட அதிகம் மதிக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல குழுக்களில் பியானோ வாசிப்பவருக்கு ஆட்டோ செலவு கிடைத்தாலே பெரிது. எங்கள் மாதச் சந்தா 200 ரூபாய். இந்த ஆண்டிலிருந்து அதில் முதல் பங்கு அக்காவுக்கு. பிரதி எடுப்பதும் டீ, பிஸ்கட்டும் அதற்குப் பிறகுதான். "நாமெல்லாம் சும்மாதானே பாடுறோம், அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று சிலர் கேட்டார்கள். நமக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம். அவருக்கு வாரம் முழுக்க வீட்டில் சாதகம் உண்டு.

உங்கள் கட்டுரையாளரிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த முறை எந்தக் குழுவைப் பற்றி எழுதினாலும், மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றால் அன்று யார் கை காட்டுவார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பெயரையும் பியானோ வாசித்தவர் பெயரையும் அச்சில் போடுங்கள்.

இப்போது நாங்கள் 29 பேர். வரும் ஈஸ்டர் நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டுக்கு எங்கள் டெனார் வரிசைத் தம்பி கை காட்டுகிறார். அவருக்கு வயது 26. அந்த ஒரு பாட்டுக்கு அக்கா மறுபடி பியானோவில் உட்காருவார். பென்சில் குறிப்புகள் இந்த முறை 29 பிரதிகளிலும் இருக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் வந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆல்டோ வரிசையிலிருந்து ஒரு வாசகி,
தாம்பரம்