ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, டீசல் யார் போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆம்புலன்ஸ் சாவியைக் கையளிக்கும் படங்கள் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள், வண்டியின் முகப்பில் மாலை தொங்கும். கொடுத்தவர்களை மனமார வாழ்த்துகிறேன். கருங்கல் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையின் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அந்தப் படம் எடுத்து முடிந்தபிறகு என்ன நடக்கிறது என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வண்டி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தருகிறார்கள், வியாபாரிகள் தருகிறார்கள், கேட்காமலே தருகிறவர்களும் உண்டு. ஓட்டுநரின் மாதச் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி., டயர் என்று போய்க் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. "என் பைசா டீசலாக எரிந்துபோக வேண்டுமா, ஏதாவது பொருளாக வாங்குங்கள், பெயர் எழுதி வைக்கலாம்" என்கிறார்கள். பொருளாக வாங்கி வைத்ததெல்லாம் அறை நிறைய இருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வந்த ஆக்ஸிஜன் மெஷின்களில் சில, சர்வீஸ் செய்யக் காசில்லாமல் இன்று மூலையில் கிடக்கின்றன. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தைக்கும் இதே கதிதான். மெத்தை நன்றாக இருக்கும், அதற்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் போயிருக்கும்.

108 இருக்கிறதே, பிறகு எதற்கு ஊர் வண்டி என்று கேட்பவர்கள் உண்டு. 108 அவசரத்துக்கு வருகிற வண்டி, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்காக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டிய ஒரு கொத்தனாரை அது எப்படி ஏற்றிக்கொண்டு திரியும்? முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்குப் பைசா வேண்டாம். போய்வரும் கார் வாடகை வீட்டை நொடித்துவிடுகிறது. புற்றுநோய்க்காரர்கள் களியக்காவிளை எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கீமோ ஏற்றிக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி திரும்பி வருகிறவர்களை நம் மேற்குப் பகுதியில் பார்க்காதவர் குறைவு. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஒரு வண்டி ஷெட்டில் நின்றால், இவர்கள்தான் பஸ்ஸில் நிற்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு மனது பொறுப்பதில்லை.

கொடுக்கும் மனது நம் மாவட்டத்துக்குக் குறைவில்லை. 2004 சுனாமியிலும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோதும் உள்ளூர்க்காரர்கள் அரிசியும் துணியும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். சர்ச்சுகளில் நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகிறது. அய்யாவழியின் தலைமைப்பதியான சுவாமித்தோப்பிலும், ஊரூராக உள்ள அவர்களுடைய வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களிலும் அன்னதர்மம் நடக்கிறது. ஆனால் ஏலமும் திருவிழாவும் வருஷத்துக்கு ஒருமுறை. நோயாளிக்கோ வாரா வாரம் வண்டி வேண்டும்.

வாரா வாரம் கொடுக்கிற வழியும் நமக்குத் தெரிந்ததுதான். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். பிடியரிசி. கோயில் காரியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். யாருக்கும் பாரம் தெரியாது, யார் பெயரும் பலகையில் வராது. வீட்டில் கஷ்டம் என்றால் அன்றைக்குப் பிடி சிறியதாகும், அவ்வளவுதான்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இதே முறையில்தான் வலிநிவாரண சேவை வளர்ந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, சில வருஷங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கைக்கு வந்து ஊர் ஊராகப் பரவியது. கடை உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, மாதச் சந்தா என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில், படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸ் போகிறார். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக்கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகின்றன. அந்தத் திட்டத்தின் ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்யும் அறக்கட்டளைக்குப் பாதிச் சுமை குறையும். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது என்பது பெரிய உதவிதான். ஆனால் அதில் கட்டடமும் சாலையும் குளமும் வரும், ஓட்டுநர் சம்பளம் வராது. அதை ஊர்தான் போடவேண்டும்.

எங்கள் பக்கத்து வருமானம் சீரானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்றுவிடும், குலசேகரம் பக்கத்துக்காரர்கள் கையில் காசிருக்காது. ஜூன், ஜூலையில் மேற்குக் கடலில் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். இரண்டும் ஒன்றாக வரும் மாதங்களில் சந்தா கேட்டுப் போகவே கூச்சமாக இருக்கும். நான் கண்ட ஒரே வழி, நல்ல மாதங்களில் வருவதில் ஒரு பங்கை இந்த மாதங்களுக்கென்று தனியே ஒதுக்கி வைப்பது. எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்தப் பணத்தில் புதுப்பொருள் வாங்கக்கூடாது.

பரிசுக் கூப்பன் அச்சடித்து விற்றால் சீக்கிரம் பணம் சேரும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. குலுக்கல் கூப்பன் அதற்கு மிகவும் பக்கத்தில் போய் நிற்கிறது. தர்மத்துக்குக் கொடுக்கிறவருக்குப் பரிசு என்று பைக்கைக் காட்ட வேண்டியதுமில்லை.

அதைவிட முக்கியமானது நம்பிக்கை. சிகிச்சை உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் பல நோட்டீசுகளில் தனி ஆளின் பெயரில் கியூஆர் கோடு இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், பணம் வரவேண்டியது அறக்கட்டளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு. மாத வரவு செலவை எழுதி டீக்கடை முன்னாலும், கோயில், குருசடி, பள்ளிவாசல் பக்கத்திலும் ஒட்டினாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். சங்கமாகப் பதிந்திருந்தால் ஆண்டுப் பொதுக்குழுவும், பதிவாளருக்குக் கணக்குத் தாக்கலும் சட்டப்படியே கட்டாயம். பலர் இதைத் தலைவலியாக நினைக்கிறார்கள். ஊர் கேள்வி கேட்கும்போது எடுத்துக் காட்ட இதைவிட நல்ல பதில் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அந்நிய நன்கொடை ஆகாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தயங்காமல் அனுப்பலாம். குடியுரிமை மாறிவிட்டவர்கள் விஷயம் வேறு. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற அந்நிய நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அவர்களிடம் வாங்கவே கூடாது, சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி. அப்புறம், நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று நாம் சொல்லிப் பழகியது) வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாவி கொடுக்கும் படத்தை இனியும் போடுங்கள். கூடவே, ஒரு வருஷம் கழித்து ஒரு நிருபரை அனுப்பி அந்த வண்டி ஓடுகிறதா, மாதம் எத்தனை பேரை ஏற்றிப் போகிறது, டீசலுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டு அதையும் அதே இடத்தில் போடுங்கள். மாதம் நூறு ரூபாய் விடாமல் கொடுக்கிற ரப்பர் வெட்டும் தொழிலாளியின் பெயரும், அவருக்குச் சம்மதமானால், அந்தச் செய்தியில் வரட்டும். எங்கள் அறக்கட்டளைக்கும் நிருபர் வரலாம். கணக்கு நோட்டைக் காட்டத் தயாராக இருக்கிறோம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்