நடுவர் அறையில் பிள்ளைகளே பேசட்டும்: பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியத்தினர், தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரோபோட்டிக் குழுக்களுக்காக நீங்கள் அலைந்து திரட்டும் நிதி ரோபோ பெட்டிக்கும் போட்டி மேசைக்கும் வேன் வாடகைக்கும் குழுச் சட்டைக்குமே சரியாகிவிடுகிறது. அதைக் குறை கூறுவதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு ஸ்பைக் பிரைம் என்னும் லெகோ ரோபோ பெட்டி ஒன்று வந்து சேர்வதற்குள் எத்தனை பேரிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்ட வேண்டியிருக்கிறது என்பது, இக்குழுக்களுக்குத் தன்னார்வப் பயிற்றுநராக இருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் நம் குழுக்கள் பங்கேற்கும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற அனைத்துலக மாணவர் ரோபோட்டிக் போட்டியின் சேலஞ்ச் பிரிவில் அண்மைப் பருவங்களில் பின்பற்றப்பட்ட மதிப்பீட்டு முறையை நீங்கள் ஒரு முறை பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். போட்டி மேசை மீது பணிகளைச் செய்து ரோபோ ஈட்டும் புள்ளிகளுக்கு மொத்த மதிப்பீட்டில் 25 விழுக்காடுதான் இடம். ரோபோ வடிவமைப்பு, பருவத்தின் கருப்பொருளையொட்டிய ஒரு சிக்கலுக்குக் குழு தீர்வு காணும் புத்தாக்கத் திட்டம், குழுவாக இணைந்து செயல்படுவது போன்ற அடிப்படை விழுமியங்கள் ஆகியவற்றுக்கும் தலா 25 விழுக்காடு உண்டு. அந்த முக்கால் பங்கின் பெரும்பகுதி, நடுவர்களோடு குழு அமரும் 30 நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. மேசையில் மூன்று சுற்றுகள் ஓடலாம். அவற்றுள் மிக உயர்ந்த புள்ளியே கணக்கில் எடுக்கப்படும் என்பதால், முதற்சுற்றில் சக்கரம் வழுக்கினாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம். நடுவர் அறைக்குள் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

அந்த அறைக்கு நம் பிள்ளைகளை நாம் ஆயத்தம் செய்யும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்தில் உரை எழுதுகிறார். அது உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்பத் துண்டாக்கப்பட்டு மனனம் செய்யக் கொடுக்கப்படுகிறது. ஐந்து நிமிட உரை பிசிறில்லாமல் முடிகிறது. அடுத்த ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு உரியது. "ரோபோவின் இந்தக் கையை ஏன் பின்பக்கம் பொருத்தினீர்கள்?" என்று நடுவர் கேட்டவுடன், அந்தக் கையைக் கட்டிய பையன் தன் பங்கு வரிகள் முடிந்துவிட்டன என்று வாய் திறவாமல் நிற்கிறான், ஆங்கிலம் சரளமாக வரும் இன்னொரு பிள்ளை, தான் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளிக்கிறது. நடுவர்கள் கையிலுள்ள அட்டவணை ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிடச் சொல்கிறது. அவர்கள் காதால் கேட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் மட்டுமே மதிப்பிட முடியும். பையனின் தலைக்குள் இருந்த விடை எந்தக் கட்டத்திலும் ஏறாது.

மனனம் செய்த உரையில் மற்றொரு குறையும் உண்டு. பெரியவர் எழுதும்போது தோல்விகளை நாசூக்காக நீக்கிவிடுகிறார். நடுவர்கள் தேடுவதோ அவற்றைத்தான். சோதித்தீர்களா, எது சரிப்படவில்லை, அதன்பின் எதை மாற்றினீர்கள், மாற்றியது பலன் தந்தது என்பதை எப்படி அறிந்தீர்கள் என்றே அட்டவணை கேட்கிறது. சக்கரச் சுழற்சியை மட்டும் எண்ணித் திரும்பிய ரோபோ சில வேளை கோணம் தவறியது. திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ உணரியைக் கொண்டு திருப்பிப் பார்த்தோம். முன்பு பத்து ஓட்டத்தில் ஐந்து சரியாக வந்தது, பிறகு ஒன்பது வந்தது என்று ஒரு பிள்ளை திக்கித் திணறிச் சொன்னாலும் அது நல்ல விடை. அதற்குத் தேவைப்படுவது ஓர் அப்பியாசப் புத்தகமும், ஒவ்வொரு நாளும் தேதியிட்டு நான்கு வரி எழுதும் பழக்கமும். பளபளக்கும் பதாகைக்குச் செலவிடும் பணத்தை நாம் தாராளமாக மிச்சப்படுத்தலாம்.

புத்தாக்கத் திட்டத்திற்கு வருகிறேன். 2025-2026 பருவத்தின் கருப்பொருள் தொல்லியல். பீடோங்கில் வளரும் பிள்ளைக்கு இதைவிட வாய்ப்பான கருப்பொருள் இனி எப்போது வருமோ தெரியவில்லை. பண்டைய இரும்பு உருக்கும் உலைகள் தோண்டியெடுக்கப்பட்ட சுங்கை பத்து நம் வீட்டு வாசலில் இருக்கிறது; பழங்கோயில் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகம் மெர்போக்கில் இருக்கிறது; கெடாவின் பழம்பெயரான கடாரம் என்பதைப் பாட்டி சொல்லிக் கேட்ட பிள்ளைகள் இவர்கள். பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் கொண்ட பழங்கோயில் எச்சம், மேம்பாட்டுக்கென நிலத்தைச் சமப்படுத்தியபோது 2013-இல் இடிக்கப்பட்டது. செம்பனைக் காட்டுக்குள் செங்கல் வரிசை ஒன்று தென்பட்டால் தோட்டத் தொழிலாளி அதை யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பதே ஒரு குழு ஒரு பருவம் முழுவதும் உழைப்பதற்குப் போதுமான சிக்கல். எகிப்தையும் பிரமிடையும் இணையத்தில் தேடிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த பருவங்களில் கருப்பொருள் மாறும், ஆனால் "இதைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள்? உங்கள் தீர்வை யாருக்குக் காட்டினீர்கள்?" என்ற கேள்விகள் தவறாமல் வரும். தோட்டத்துக் கிராணியையோ ஆலைத் தொழில்நுட்பரையோ அருங்காட்சியக அலுவலரையோ பிள்ளைகள் நேரில் சந்திக்க ஒரு கடிதமும் ஒரு வேனும் ஏற்பாடு செய்து தருவது உங்களால் எளிதில் ஆகக்கூடியது.

ஆகவே என் முதல் வேண்டுகோள், பருவம் தொடங்கிய மாதத்திலிருந்தே மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தைப் பயிற்சி அமர்வுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது. நடுவராக உட்காருவதற்கு ரோபோ தெரிந்தவர்கள் வேண்டாம், தெரியாதவர்களே மேல். பட்டறை வைத்திருப்பவர், கிளினிக்கில் பணிபுரியும் தாதி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஆகியோர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு "ஏன்?", "எப்படித் தெரியும்?", "உங்களில் யார் செய்தது?" என்ற மூன்று கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டாலே போதும். பிள்ளை தடுமாறும்போது சுற்றியிருக்கும் பெற்றோர் விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் மண்டபங்களில் மிகக் கடினமான விதி இதுவாகத்தான் இருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உணரி, பல்லிணை, நிரல் எல்லாவற்றையும் பிள்ளைகள் முதலில் தமிழில் விளக்கிப் பழகட்டும். புரிந்ததைச் சொல்லும் துணிவு வந்தபின், ஏற்பாட்டாளர்கள் ஏற்கும் மொழிக்கு அதை மாற்றுவது சில வாரப் பயிற்சியில் முடிகிற வேலை. எந்தெந்த மொழியில் பேசலாம், மலாயும் ஆங்கிலமும் கலக்கலாமா என்பதைத் தலைமையாசிரியர்கள் பதிவின்போதே எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுவிட வேண்டும். போட்டி நாள் காலையில் வாசலில் நின்று விசாரிப்பது பிள்ளைகளின் பதற்றத்தைக் கூட்டுவதற்கே உதவும்.

கடைசியாக, அந்த 30 நிமிடத்தில் உடனிருக்கும் பெரியவர்களைப் பற்றி. பொதுவாக இருவர் அறைக்குள் அமர்ந்து பார்க்கலாம்; பேசவோ சைகை காட்டவோ கூடாது. அந்த இரு இடங்களைப் பொறுப்புகளின் வரிசைப்படி நிரப்பாமல், குழுவோடு பருவம் முழுவதும் இருந்தவர்களுக்கே ஒதுக்குமாறும், யார் அந்த இருவர் என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க விடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தோட்டப் பள்ளி ரோபோட்டிக் குழுக்களின் தன்னார்வப் பயிற்றுநர்,
பீடோங், கெடா.