விக்டோரியா பார்க்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வாலிபால் பயிற்சியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் பள்ளி மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அந்த வரி மனதை அறுக்கிறது.

என் முழங்கால் இப்போது தேவலை. நேற்றுக் காலை, இங்கே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், காலிங்வுட் கால்பந்து அணியின் பழைய மைதானமான விக்டோரியா பார்க்வரை மெதுவாக நடந்து போனேன். 1999க்குப் பிறகு அங்கே ஆண்களின் முதன்மை லீக் ஆட்டம் கிடையாது. பழைய கேலரி மட்டும் நிற்கிறது. வீரர்கள் மோதி விழுந்த புல்தரையில் நாய்கள் பந்தைத் துரத்துகின்றன. அங்கே உட்கார்ந்ததும் அந்த அணியின் பழைய பயிற்சியாளர் ஜாக் மெக்ஹேலின் நினைவு வந்தது. உனக்கு அவரைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்து முட்டை வடிவம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மெக்ஹேல் 1903இல் காலிங்வுட்டுக்கு ஆட வந்தவர், நடுக்களத்து ஆட்டக்காரர். மொத்தம் 261 ஆட்டங்கள், அவற்றில் 191 ஒன்றுகூட விடாமல் தொடர்ச்சியாக! 1912இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரும் ஆனார். 1949வரை 38 பருவங்கள், 714 ஆட்டங்கள், எல்லாம் ஒரே அணிக்கு. பிழைப்புக்கு மதுபான ஆலையில் வேலை. ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு மேல் ஒரு காசும் எனக்கு வேண்டாம் என்று இருந்தவர். அவர் பயிற்சியில் அணி வென்ற எட்டு லீக் கோப்பைகளைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1927 முதல் 1930வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பை. இந்த லீக்கில் இன்றுவரை வேறு எந்த அணியும் அதைச் செய்யவில்லை. ‘இயந்திரம்’ என்றே அந்த அணிக்குப் பெயர் விழுந்தது. ஆயிரம் கோல்களைத் தாண்டிய முதல் ஆட்டக்காரரான கோர்டன் கவென்ட்ரி அதில் இருந்தார். அவருடைய அண்ணன் சிட்தான் கேப்டன். அப்படிப்பட்டவர்கள் இருந்தும் தனி ஒருவனுக்காக ஆட்டத்தை வளைக்க மெக்ஹேல் சம்மதித்ததில்லை. நீயும் அப்படித்தானே? உயரமான பையன் ஒருவனை நம்பி மற்ற ஐந்து பேரை நிற்கவைக்க மாட்டேன் என்று தலைமையாசிரியரிடமே வாதாடினாயே.

1930 இறுதி ஆட்டத்தன்று மெக்ஹேல் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். இடைவேளையில் எதிரணியான ஜீலாங் 21 புள்ளிகள் முன்னால். கிளப் பொருளாளர் பாப் ரஷ் அறைக்குள் போய்ப் பேசினார். பையன்கள் திரும்பி வந்து 30 புள்ளிகளில் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் படுக்கையில், அவர் கற்றுக்கொடுத்தது களத்தில்! எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

அவர் விலகிய பிறகு, அவரிடம் ஆடி வளர்ந்த ஃபோன்ஸ் கைன் பொறுப்பேற்றார். 1936க்குப் பிறகு கோப்பையே பார்க்காத காலிங்வுட், 1953 செப்டம்பரில் அதே ஜீலாங்கை 12 புள்ளிகளில் வென்றது. அந்த வெற்றியைக் கண்ட சில நாட்களிலேயே, அக்டோபர் 4 அன்று, மாரடைப்பில் மெக்ஹேல் காலமானார். மாணவன் கையில் கோப்பை இருந்ததைத் தெரிந்துகொண்டு போனார்.

உன் இடத்துக்கு வந்திருப்பவனும் உன்னிடம் ஆடியவன்தான். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி என்று எழுதியிருந்தாய். கடைசி வரிசையிலாவது போய் உட்கார். பையன்கள் எப்படி சர்வீஸ் போட்டார்கள் என்று எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்