கிளை நூலகத்தில் ஒரு மேசை கேட்டு

நீலகிரியில் கிளை நூலகங்களை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள் நான். ஆன்லைனில் பட்டம் படிக்க ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு நூலகத்தில் ஓர் இடம் வேண்டும். ஏன் என்று சொல்ல, அனந்த் அகர்வால் என்ற பொறியாளரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

மங்களூரில் வளர்ந்தவர். 1982-ல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் முடித்தார். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரே கணினிச் சில்லில் பல செயலிகளை அடுக்கும் ஆராய்ச்சி, அதை வைத்து ஒரு கம்பெனி என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2012-ல் எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். முதல் பாடத்தையும் அவரே முன்நின்று நடத்தினார்: மின்சுற்றுகள். காசு கிடையாது. மின்தடையையும் மின்தேக்கியையும் திரையிலேயே இழுத்துவைத்து, சுற்றமைத்து, சோதித்துப் பார்க்கலாம். ஏறக்குறைய 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் 7,157.

நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லையே என்று அப்போதே கேலி பேசியவர்கள் உண்டு. பேசட்டும். ஏழாயிரம் பேரை வகுப்பறையில் உட்காரவைத்துத் தேற்ற ஒரு வாத்தியாருக்கு எத்தனை வருஷம் ஆகும்?

அந்த ஏழாயிரத்தில் மங்கோலியாவின் உலான்பத்தூரைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். முழு மதிப்பெண் எடுத்த 340 பேரில் அவனும் ஒருவன். பிறகு எம்ஐடியிலேயே இடம் கிடைத்தது. பத்திரிகைகள் அவனை மேதை என்று கொண்டாடின. சரி, மேதைதான். ஆனால் அவனுடைய பள்ளித் தலைமையாசிரியரே எம்ஐடியில் படித்தவர். அந்தப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்த ஏற்பாடு செய்து, சோதனைக் கருவிகளோடு ஓர் ஆய்வு மாணவரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். திரையில் பாடம் ஓடியது. பக்கத்தில் ஆள் இருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்காமல் இல்லை. ஐஐடிக்களின் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் 2003-லிருந்தே இருக்கிறது. 2020-ல் சென்னை ஐஐடி தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதாமலே சேரலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அப்புறம் என்ன தடை என்று கேட்பீர்கள். ஜூன் பிறந்தால் தெரியும். தேவாலா மழையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் போகும். பேட்டரி தீர்ந்ததும் டவரும் போகும். மற்ற நாளிலும் லயத்தில் இரண்டு அறைக்கு ஐந்து பேர். ஒரே ஒரு போன். அதுவும் அப்பா கையில்.

ஆகவே நான் கேட்பது: கிளை நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு கணினி, கேபிள் வழி இணையம், நாலு மணி நேரம் தாங்கும் யுபிஎஸ். அதோடு, கணக்கும் கணினியும் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த மலையில் நிறைய இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

மாலையில் கூடுதல் நேரம் திறக்கலாமே என்று தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். ஆறு மணிக்கு மேல் யானை எந்தப் பாதையில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நாலு மணிவரை திறந்தால் போதும். கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கும் அன்றுதான் லீவு, கொண்டுவந்து விடுவார்கள்.

முதலில் ஒரே ஒரு கிளையில் செய்து பாருங்கள். யுபிஎஸ் மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பந்தலூர் வாசகி ஒருத்தி