இரங்கல் பக்கத்தில் ஒரு கட்டம்

ஐயா,

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரி, என் உயிர்த்தோழி, போன மாதம் இறந்துபோனாள். மல்லிகை விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். கடன் கேட்டால் முகம் சுளிக்கமாட்டாள்; எடையில் மட்டும் கறார்!

கண்ணைத் தானமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். "புரை ஆபரேஷன் செய்த கண்ணை யார் வாங்குவார்கள்?" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அப்படியில்லை, புரை எடுத்தவர்களும் கண்ணாடி போட்டவர்களும் தரலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தால் போதும். மூத்த மகன் பிடிவாதமாக நின்றதால் நடந்தது. அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

இந்த விவரத்தை உங்கள் இரங்கல் விளம்பரப் பக்கத்தில் தினமும் சின்னக் கட்டமாகப் போடலாமே?

இப்படிக்கு,
ஒரு பூ வியாபாரி, மதுரை